மந்தையின் வழியே மனிதரிடம்

வேற்று நாட்டில் வாழச் செல்பவர் முதலில் மொழியைக் கற்கிறார். உணவுக்கும் வெயிலுக்கும் உடலைப் பழக்குகிறார். ஆனால் அம்மண்ணின் மக்கள் விலங்குகளோடு கொண்டுள்ள உறவை விளங்கிக்கொள்ள அவருக்கு நெடுங்காலம் ஆகிறது. எந்த விலங்கிடம் அன்பு காட்டுவது, எதை உண்பது, எதன் சாவுக்கு வருந்துவது என்பனவற்றை நாம் எவரும் ஆராய்ந்து முடிவு செய்வதில்லை. பிறந்த வீட்டிலேயே பெற்றுவிடுகிறோம். இதனை உணர்த்தும் வரலாறு ஒன்று தென் சூடானின் நைல் சமவெளியில் உண்டு.

வெள்ளை நைலும் சோபாத் ஆறும் பாயும் அச்சதுப்பு நிலத்தில் நூவர் மக்கள் வாழ்கின்றனர். மழைக்காலத்தில் மேட்டுநில ஊர்களில் தங்குவதும், வறண்ட காலத்தில் மந்தைகளோடு ஆற்றோரப் பட்டிகளுக்குப் பெயர்வதும் அவர்தம் மரபு. பால் அவர்களுக்கு உணவு; சாணம் எரிபொருள். மணமகளுக்குப் பரிசமும் கொலைக்கு ஈடும் மாடுகளே. ஆண்மகனாக ஏற்கப்பெறும் இளைஞனுக்குத் தந்தை ஓர் எருதை அளிப்பார். அதன் நிறத்தையும் கொம்பையும் ஒட்டிய பெயர் அவனுக்கும் பெயராகும். பழந்தமிழில் 'மாடு' என்பதற்குச் செல்வம் என்னும் பொருளுண்டு. நூவருக்கோ அது செல்வம் மட்டுமன்று. மனிதரை மனிதரோடு பிணைக்கும் கயிறுமாகும்.

சூடானை ஆண்ட ஆங்கிலேயருக்கும் இது தெரிந்தே இருந்தது. 1927 டிசம்பரில் மாவட்ட ஆணையர் பெர்குசன் நூவரால் கொல்லப்பட்டார். அக்காலத்துப் படையெடுப்புகளில் விமானங்கள் குண்டு வீசின, மந்தைகள் கைப்பற்றப்பட்டன. மாட்டை இழந்தால் நூவர் பணிவர் என்பது ஆட்சியாளரின் கணக்கு.

இப்புண் ஆறுமுன், 1930இல், அதே அரசின் வேண்டுகோளுக்கிணங்க அங்கே வந்தவர் மானுடவியல் அறிஞர் எவன்ஸ்-பிரிச்சர்ட். நூவர் அவரை நம்பவில்லை. எளிய கேள்விக்கும் மழுப்பலான விடையே கிடைத்தது. அவர் தங்கியிருந்த பட்டியை ஒருநாள் காலையில் அரசுப் படை சூழ்ந்து பிணையாட்களைப் பிடித்துச் சென்றது. அவரும் அவ்விடம் விட்டு வெளியேற நேர்ந்தது.

1931இல் மீண்டும் சென்று சோபாத் ஆற்றங்கரையில் தங்கியபோதுதான் நிலைமை மாறியது. தாம் சில மாடுகளை வாங்கி வைத்துக்கொண்ட பின்னரே தம்மை அவர்களுள் ஒருவராக ஏற்றனர் என்று அவரே எழுதியுள்ளார். எதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் பேச்சு மாட்டில் வந்தே முடிந்தது. தொடக்கத்தில் அவருக்குச் சலிப்பூட்டிய அதுவே பின்னர் அவர்தம் வாழ்வை அறியும் வாயிலாயிற்று.

அன்பு செய்யும் விலங்கை உண்ணலாகாது, உண்ணும் விலங்கின்மேல் அன்பு வைத்தலாகாது என்று எண்ணிப் பழகியவர்க்கு நூவர் வழக்கம் புதிராகவே தோன்றும். அவர்கள் தம் எருதைப் பாடிப் போற்றுகின்றனர். இறைச்சி வேண்டும் என்பதற்காக மட்டும் அதனைக் கொல்வதில்லை. நோயிலும் இடரிலும் அதன் முதுகில் சாம்பல் பூசி, இறைவனை வேண்டிப் பலியிடுகின்றனர். பின்னர் அதன் இறைச்சியைப் பகிர்ந்து உண்கின்றனர். எருது கொடுக்க இயலாதபோது ஒரு வெள்ளரிக்காயையே எருதாகக் கருதிப் படைப்பதும் உண்டு. பலியாகும் எருது மனிதனுக்கு ஈடாக நிற்கிறது என்பதை, 1944இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்த எவன்ஸ்-பிரிச்சர்ட், 1956இல் வெளியிட்ட 'நூவர் சமயம்' என்னும் நூலில் விரிவாக விளக்கினார். மாட்டை வணங்கும் மக்கள் என்று மேலோட்டமாகக் கூறுவோர்க்கு அந்நூல் தக்க விடையாகும்.

பிற்காலத்தில் பணமும் துப்பாக்கியும் அவ்வாழ்வை உலுக்கின. 1983 முதல் 2005 வரை நடந்த போரும், 2011இல் தென் சூடான் விடுதலை பெற்றபின் 2013இல் மூண்ட உள்நாட்டுப் போரும் எண்ணற்ற பட்டிகளைச் சிதைத்தன. மந்தை அழிந்த இளைஞன் எதைக் கொடுத்து மணம் முடிப்பான்? எதைக் கொடுத்துப் பகை தீர்ப்பான்?

மாடு நூவரின் உயிர்நாடி என்பதை ஆட்சியாளரும் அறிந்திருந்தனர், அறிஞரும் அறிந்தார். முன்னவர் அவ்வறிவைக் கொண்டு அடித்தனர். பின்னவர் அவ்வறிவைக் கொண்டு அவர்களோடு அமர்ந்தார். நம்மிடையேயிருந்தும் குருக்களும் கன்னியரும் ஆப்பிரிக்கச் சிற்றூர்களுக்குப் பணி செய்யச் செல்கின்றனர். அங்கே ஒரு பட்டியின் ஓரத்தில், தமக்குப் பழக்கமில்லாத அன்பைக் காணும்போது அவர்கள் தீர்ப்பிட விரையாது, சற்று நேரம் அம்மக்களின் மாட்டுக் கதைகளைக் கேட்டு அமர்ந்திருந்தால், அதுவே அவர்கள் ஆற்றும் முதற்பணியாகும்.