இணங்காதவரும் ஊரும்: பச்சைமலை, திருவரங்கம், மானூர்

கூட்டுக் குடியிருப்பு பற்றிய இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் டென்மார்க்கிலிருந்து தொடங்குகின்றன. 1972இல் கோபன்ஹேகன் அருகே சேட்டடாமென் என்ற கூட்டுக் குடியிருப்பு எழுந்தது. தனித்தனி வீடு, பொதுச் சமையற்கூடம், எல்லோரும் அமர்ந்து எடுக்கும் முடிவு என்ற அமைப்பு பிற நாடுகளுக்கும் பரவியது. அங்கே ஒருவர் ஒத்துவராவிட்டால் கடைசி வழி ஒன்று உண்டு. வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாம். பச்சைமலையில் பிறந்தவருக்கு அந்த வழி ஏறத்தாழ இல்லை. ஆகவே இணங்காத உறுப்பினரை என்ன செய்வது என்ற கேள்வியை, விட்டுப் போக முடியாத ஊர்களில் வைத்துக் கேட்பதே பயன் தரும். முட்டுக்கட்டை போடும் செயலுக்குத் தண்டம் விதிக்கலாம், ஆனால் ஆளை ஊருக்கு வெளியே தள்ளக் கூடாது என்பதே என் வாதம்.

துறையூருக்கு வடக்கே எழும் பச்சைமலை திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. வண்ணாடு, தென்புறநாடு, கோம்பை என நாடுகளாகப் பிரிந்து இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். கேரளத்தவரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மரவள்ளியும் சாமையும் விளையும் கொல்லை அவரவருடையது. ஊற்றும் கோயிலும் மேய்ச்சலும் சுடுகாடும் பொது. ஊர்க்கவுண்டர் தலைமையில் கூடிப் பேசித் தண்டம் விதிப்பதும், பெருங்குற்றம் என்று கருதியதற்கு விலக்கி வைப்பதும் மலையாளி ஊர்களின் பழைய வழக்கம். விலக்கு என்றால் நல்லது கெட்டதுக்கு ஆள் வராது, கொடுக்கல் வாங்கல் இராது. ஒரு சிற்றூரில் இதைவிடக் கொடிய ஆயுதம் இல்லை. குற்றம் எதுவும் செய்யாத பிள்ளைகளும் அதில் அடிபடுகிறார்கள். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. இந்த ஆயுதம் ஊர்ச் சொத்தைத் திருடியவர்மீது மட்டும் பாய்வதில்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் சாதி மாறி மணந்தவரும், திருவிழா வரவுசெலவைக் கேட்டவரும் விலக்கப்பட்டிருக்கிறார்கள். கேள்வி கேட்பவரையும் கெடுப்பவரையும் விலக்கு ஒரே தட்டில் வைத்துவிடுகிறது.

இவ்விருவரையும் பிரித்துப் பார்க்கும் முயற்சி ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. திருநெல்வேலிக்கு வடக்கேயுள்ள மானூரில் பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு, காலம் கி.பி. 800 அளவில். பிரமதேயச் சபையில் யார் அமரலாம் என்று விதித்துவிட்டு, கொண்டுவரும் ஒவ்வொரு காரியத்தையும் வேண்டாம் வேண்டாம் என்று மறித்து நிற்போரைப் பற்றி அது தனியே பேசுகிறது. அப்படிச் செய்பவரும் அவருக்குத் துணை நிற்பவரும், மறித்த ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். கட்டிய பின்னும் அவர்கள் அதே விதிகளுக்கு உட்பட்டு நடக்க வேண்டும்.

இந்த விதியின் நுட்பம் அதன் அளவில் இருக்கிறது. ஒரு காரியத்தை ஒருமுறை எதிர்ப்பது குற்றமாகாது. எதையும் நடக்கவிடாமல் செய்வதே குற்றம். தண்டம் காரியத்தின் பேரில் விழுகிறது. கட்டியவர் விதியின் பிடியிலிருந்து விடுபடுவதில்லை, சபை அவரைக் கைவிடுவதுமில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) இன்னொரு வகையில் இதே திசையில் போகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதி இழக்கிறார்கள். அங்கே பறிபோவது பதவி; வீடும் ஊரும் பறிபோவதில்லை. உறவினரையும் சேர்த்தது இன்று நமக்கு உறுத்தினாலும், பினாமியை அடைக்கும் வழி அது. இரு சபைகளிலும் நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆண்களே அமர்ந்தார்கள் என்பதை மறைத்துவிட்டு அவற்றைக் குடியாட்சியின் கொடுமுடி என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவற்றின் நடைமுறை அறிவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

திருவரங்கம் காட்டும் வழி வேறு. குருபரம்பரை நூல்களின்படி, இராமானுசர் வந்தபோது கோயில் சாவியும் நிர்வாகமும் பெரிய கோயில் நம்பியின் கையில் இருந்தன. சீர்திருத்தங்களுக்கு அவர் இணங்கவில்லை. அவரை அகற்ற எண்ணிய இராமானுசருக்குப் பெருமாளே கனவில் தடை சொன்னதாக மரபு. பின்னர் இராமானுசரின் சீடர் கூரத்தாழ்வான் நம்பியோடு பழகி அவர் மனத்தை மாற்றினார். நம்பியின் தாயார் இறந்த பதினோராம் நாள் சடங்கில் ஆழ்வான் அமர்ந்து, உண்டு முடித்தவர் சொல்ல வேண்டிய திருப்தி என்ற சொல்லுக்கு விலையாகக் கோயில் உரிமையைக் கேட்டுப் பெற்றார். துக்க வீட்டில் வைத்த அந்தக் கோரிக்கை முழுக்க நேரானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் விளைவைப் பார்க்க வேண்டும். அதிகாரம் கைமாறியது, ஆள் அரங்கத்திலேயே இருந்தார். திருவரங்கத்தமுதனார் என்ற பெயரில் அவர் பாடிய 108 பாட்டுகள் கொண்ட இராமானுச நூற்றந்தாதி இன்று திவ்வியப் பிரபந்தத்தோடு சேர்த்து ஓதப்படுகிறது.

பொதுவளங்களை ஆராய்ந்த அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலில், நீண்டநாள் நிலைத்த பொதுவளக் குழுக்களில் தண்டனை சிறிதில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவதைக் காட்டினார். மானூரின் ஐந்து காசு அந்த முதற்படி. விலக்கோ கடைசிப் படியிலிருந்தே தொடங்குகிறது.

மறுப்பவரையும் முடக்குபவரையும் பிரித்தறிய இன்று உடனடித் தேவை உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பச்சைமலைக்கும் பொருந்தும். அதன் விதிகள்படி கிராம சபையில் பாதிப் பேராவது கூட வேண்டும். வந்தவரில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருக்க வேண்டும். பழைய ஊர்க்கூட்டத்தில் ஒலிக்காத குரல்கள் இதில் மறுப்புச் சொல்லும் உரிமையோடு நுழைகின்றன. அந்த மறுப்பைத் தொல்லை என்று முத்திரை குத்த ஊர்ப் பெரியவர்களுக்கு அதிக நேரம் ஆகாது. கீழே திருவரங்கத்தில் வீடுகள் அடுக்குமாடிகளாக மாறிவருகின்றன. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புதல் போதும் என்று 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வழி செய்திருக்கிறது. தனி ஒருவர் எல்லோரையும் முடக்கிவைக்கும் நிலை இதனால் நீங்கும். ஆனால் எஞ்சிய பங்கினர் ஏன் மறுத்தார்கள் என்பதைக் கூட்டக் குறிப்பில் காரணத்தோடு எழுதிவைக்கும் பழக்கம் சங்கங்களுக்கு வேண்டும். ஒரு முதியவர் வாழ்நாளில் ஒருமுறை சொன்ன மறுப்பையும், மாதந்தோறும் எல்லாவற்றுக்கும் ஒருவர் சொல்லும் மறுப்பையும் பிரித்தறிய அந்தக் குறிப்பேடே சான்று.