கம்பிக்கு முன் இருந்த மரம்

2013 ஜூலையில் இந்தியாவின் கடைசித் தந்திகள் அனுப்பப்பட்டபோது நம்மில் பலர் நினைவஞ்சலி எழுதினோம். மரணச் செய்தியும் வேலை உத்தரவும் கொண்டுவந்த தந்திச் சேவகரை எண்ணிக் கசிந்தோம். அந்தக் கம்பி யாருடைய வயலின் மேல் சென்றது என்று நாம் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தைப் புரட்டியிருப்போம். தனியார் நிலத்தில் கம்பம் நடவும் கம்பி இழுக்கவும் அதன் 10ஆம் பிரிவு அதிகாரம் அளித்தது. நிலம் எடுப்புச் சட்டம் 1870லேயே இருந்தது. ஆயினும் இங்கே அரசு நிலத்தை எடுக்கவில்லை. பட்டா உழவர் பெயரிலேயே இருக்கும், துறைக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும். இயன்றவரை குறைவான சேதம், நேர்ந்த சேதத்துக்கு முழு இழப்பீடு என்றும் அப்பிரிவு சொன்னது. தாராளமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் பழுதுபார்க்க எந்நேரமும் உள்ளே நுழையலாம் என்றது 11ஆம் பிரிவு. உரிமையாளர் மறித்தால், 16ஆம் பிரிவின்படி மாவட்ட மாஜிஸ்திரேட், அதாவது நம் ஊர்க் கலெக்டர், வழிவிடுமாறு ஆணையிடலாம். அதன் பின்னும் மறிப்பது குற்றம். மாவட்ட நீதிபதியிடம் போகலாம், இழப்பீடு போதவில்லை என்று சொல்வதற்கு. 'என் நிலத்தில் வேண்டாம்' என்று சொல்வதற்கு அச்சட்டம் அவரிடம் இடம் வைக்கவில்லை.

நம்மை நிறுத்தி வைப்பது 18ஆம் பிரிவு. தந்திப் போக்குக்கு இடையூறான மரத்தை அகற்ற மாஜிஸ்திரேட் ஆணையிடலாம். மரம் கம்பிக்கு முன்பே நின்றிருந்தால் நியாயமான இழப்பீடு உண்டு. பின்னால் முளைத்த மரத்துக்கு அந்த உறுதி இல்லை. தென்னை மூத்ததா, கம்பி மூத்ததா என்று மாஜிஸ்திரேட் முன் வாதாடும் காட்சி ஒரு சிறுகதைக்கு உரியது.

தந்திக்கென்று எழுதிய இந்த அதிகாரத்தை உயரழுத்த மின்வழிகளுக்கும் வழங்க 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 164ஆம் பிரிவில், வழிசெய்தது. 2018இன் இறுதியில் கொங்கு வட்டாரத்து விவசாயிகள் மின்கோபுரங்களை எதிர்த்துப் போராடியதும், சாலையோரமாகப் புதைவடம் பதிக்கக் கோரியதும் இந்தப் பழைய அதிகாரத்தின் முன் நின்றுதான். தந்திக் கம்பியடியில் உழவு நடக்கும். கோபுரத்தடியில் தென்னை வளர்க்க முடியாது.

2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது; அதன் வழியுரிமைப் பிரிவுகள் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தன. பேசி உடன்பாடு காண்பதை அது முதலில் வைக்கிறது. தகராறு முற்றினால் மீண்டும் மாவட்ட மாஜிஸ்திரேட், இழப்பீட்டுக்கு மீண்டும் மாவட்ட நீதிபதி. மின்வழிகளைப் பொறுத்தவரை, 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பாகமே தொடரும் என்றும் அப்புதிய சட்டம் எழுதி வைத்திருக்கிறது.