உள்ளங்கையில் ஒரு கடற்படை: பண்டைத் துடுப்புப் போர்க்கப்பல்களின் சிற்றுருவும் விலையும்

கி.மு. 429இல் கொரிந்து வளைகுடாவின் வாயிலுக்கு வெளியே 47 கப்பல்கள் வட்டம் கட்டி நின்றன. அணியங்கள் வெளிப்பக்கம், பின்தலைகள் உட்பக்கம். வேகமான ஐந்து கப்பல்களும் கூடவந்த சிறு படகுகளும் நடுவில். எதிரே ஏதென்ஸின் தளபதி ஃபோர்மியோவிடம் இருந்தவை 20 கப்பல்கள்தாம். அவர் அவற்றை ஒற்றை வரிசையில், வட்டத்தை உரசிவிடுவதுபோலச் சுற்றிச்சுற்றி வரச் செய்தார். வட்டம் சுருங்கிக்கொண்டே போயிற்று. விடியற்காலையில் வளைகுடாவிலிருந்து காற்று கிளம்பியதும் கப்பலோடு கப்பல் இடித்தது. கழிகளால் தள்ளிவிட்டவர்களின் கூச்சலில் கட்டளை எவர் காதிலும் விழவில்லை. அந்த நேரம் பார்த்து ஏதென்ஸ் பாய்ந்தது. 12 கப்பல்கள் பிடிபட்டன. துகிடிடீஸின் வரலாற்றில் உள்ள செய்தி இது.

இந்தப் போரை மேசைமேல் நடத்திப் பார்க்க விரும்புகிறவருக்கு 67 கப்பல்கள் வேண்டும். பீரங்கிக் காலத்துப் போர்களை ஆடுகிறவர் நாலைந்து கப்பல்களோடு ஒரு மாலைப்பொழுதை நிறைவாகக் கழிக்கலாம். துடுப்புக் கப்பலுக்கு அது பொருந்தாது. அதன் ஆயுதம் அணியத்திலுள்ள வெண்கல மூக்கு. எதிரியின் விலாவைத் தேடிப் போவதும் தன் விலாவைப் பக்கத்துக் கப்பலை வைத்துக் காப்பதுமே அதன் போர். கூட்டம் இல்லையென்றால் போரே இல்லை. அதனால்தான் ஒரு சிற்றுருவின் விலை இந்த ஆட்டத்தில் வெறும் செலவுக் கணக்காக நிற்பதில்லை. விலை அளவுவிகிதத்தைத் தீர்மானித்தது. எந்தப் போரை ஆட முடியும் என்பதை அளவுவிகிதம் தீர்மானித்தது. இக்கட்டுரை அந்தத் தடத்தைப் பின்தொடர்கிறது.

கப்பல் பொம்மைகளை மேசைமேல் நகர்த்திப் போர்முறையைச் சிந்திக்கும் வழக்கம் பழையது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் கிளார்க், கடற்படையில் பணியாற்றாதவர், சிறு மரத்துண்டுகளைக் கப்பல்களாக வைத்து ஆராய்ந்துதான் 1782இல் கடற்போர் உத்திகள் பற்றிய தம் நூலைக் கொண்டுவந்தார். 1898இல் ஃப்ரெட் ஜேன் தம் கடற்போர் விளையாட்டை வெளியிட்டார். 1940இல் அச்சான ஃப்ளெட்சர் பிராட்டின் விளையாட்டில் நியூயார்க் நண்பர்கள் பால்சா மரக் கப்பல்களைத் தரையில் பரப்பி ஆடினார்கள். இவர்களுடைய கப்பல்களெல்லாம் பாய்மரக் கப்பல்கள் அல்லது இரும்புக் கப்பல்கள். துடுப்புக் கப்பல் இந்த வரிசையில் இடம்பெறவில்லை.

அதற்குக் காரணம் ஆர்வக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. இரும்புக் கப்பலுக்கு வரைபடம் இருந்தது. ஏதென்ஸின் ட்ரைரீம், அதாவது மூன்று வரிசைத் துடுப்புகள் கொண்ட கப்பல், எப்படி இருந்தது என்று உறுதியாகச் சொல்ல அன்று ஆளில்லை. 1852இல் அக்ரோபோலிஸில் கிடைத்த உடைந்த புடைப்புச் சிற்பம் துடுப்பு வலிப்பவர்களின் ஒரு வரிசையைக் காட்டியது. 1885இல் பிரேயஸின் ஸேயாத் துறையில் தோண்டியபோது கப்பல்களை நிறுத்திவைத்த கொட்டகைகள் வெளிப்பட்டன: நீளம் ஏறக்குறைய 37 மீட்டர், அகலம் 6 மீட்டர். கப்பலின் மேல்வரம்பு இதிலிருந்து கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை.

மலிவுக்கான முதல் வழி வேறொரு துறையிலிருந்து திறந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நார்தாம்ப்டனின் பாசெட்-லோக் நிறுவனம் நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதியை மட்டும் காட்டும் மாதிரிக் கப்பல்களை 1:1200 அளவில் செய்து விற்றது. ஓர் அங்குலத்துக்கு 100 அடி என்ற எளிய கணக்கு அது. இரண்டாம் உலகப் போரில் எதிரிக் கப்பலை அடையாளம் காணும் பயிற்சிக்காக இதே அளவில் உலோக மாதிரிகள் ஏராளமாக வார்க்கப்பட்டன. பயிற்சிக்கு வந்த அளவு போருக்குப் பின் விளையாட்டுக்காரர்களின் பொது அளவாக நிலைத்தது. 1965இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் கடற்போர் விளையாட்டு நூல் வந்தது. பண்டைய போர்களை ஆடுகிறவர்களுக்கென டோனி பாத் தொடங்கிய சங்கமும் அதே ஆண்டில் பிறந்தது. துடுப்புக் கப்பலைத் தேடும் கூட்டம் உருவாகத் தொடங்கியபோது, அதற்கான அளவு முன்பே காத்திருந்தது.

அந்த அளவில் ஒரு ட்ரைரீமின் நீளம் 31 மில்லிமீட்டர். என் சுண்டுவிரலின் முதலிரண்டு கணுக்களுக்குள் அடங்கிவிடுகிறது. துடுப்புத் தண்டின் பருமன் 6 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், இங்கே அது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய கம்பி அச்சில் நிரம்பாது. நிரம்பினாலும் விரல் பட்டதும் வளையும். ஆகவே வார்ப்பவர்கள் துடுப்பு வரிசை முழுவதையும் சாய்ந்த ஒரே தகடாக்கி, அதன்மேல் கோடுகளைக் கீறினார்கள். அரை மீட்டர் தள்ளிப் பார்த்தால் கண் அதைத் துடுப்புகளாகவே ஏற்றுக்கொள்கிறது. சிற்றுருக் கலையின் நேர்மையான பொய்களில் ஒன்றாக இதைக் கருதுகிறேன்.

வார்ப்பு முறைதான் இத்தொழிலைச் சிறு பட்டறைகளுக்குச் சாத்தியமாக்கியது. சுழலும் வட்டமான ரப்பர் அச்சின் நடுவில் உருகிய உலோகத்தை ஊற்றினால் சுழற்சி அதை ஓரங்களுக்குத் தள்ளுகிறது. ஒரே ஊற்றில் ஒரு சிறு படையே வந்துவிடும். உலோகம் ஈயமும் வெள்ளீயமும் கலந்தது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஈயத்துக்கு எதிரான சட்ட நெருக்கடி வந்தபோது பல பட்டறைகள் ஈயத்தைக் கைவிட்டு, வெள்ளீயம் மிகுந்த கலவைக்கு மாறின. வெள்ளீயம் விலை கூடிய உலோகம். 60, 70 கப்பல் வாங்குகிறவருக்கு அந்தக் கூடுதல் விலை 60, 70 முறை விழுந்தது. சிலர் வாங்கிய ஒன்றிரண்டை வைத்துச் சிலிக்கான் அச்செடுத்து வீட்டிலேயே நகல் வார்த்துக்கொண்டார்கள். அந்த வழியை நான் ஏற்கமாட்டேன். தனியாள் பட்டறையில் ஒருவர் பல இரவுகள் செதுக்கிய மூல உருவத்தின் கூலியை அது திருடுகிறது.

பிளாஸ்டிக் ஏன் உதவவில்லை என்ற கேள்வி இங்கே எழும். எஃகு அச்சின் செலவு மிகப் பெரியது. பல்லாயிரக்கணக்கில் விற்றால்தான் அது மீளும். கடற்போர் ஆடுகிறவர்கள் அத்தனை பேர் இல்லை. ஸ்வெஸ்தா நிறுவனத்தின் 1:72 ட்ரைரீம் அழகான பெட்டிதான், ஆனால் அதன் நீளம் அரை மீட்டர். அலமாரிக்குப் பொருந்தும், போருக்குப் பொருந்தாது. சிறிய பிளாஸ்டிக் துடுப்புக் கப்பல்கள் யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தன. 1984இல் மில்டன் பிராட்லி வெளியிட்ட ‘கான்குவெஸ்ட் ஆஃப் தி எம்பயர்’ என்ற பலகை விளையாட்டில் ரோமப் படைகளைச் சுமக்கும் துடுப்புக் கப்பல்கள் காய்களாக இருந்தன. பலகை விளையாட்டு பெருந்தொகையில் விற்கும் பண்டம், ஆகவே எஃகு அச்சின் செலவை அது தாங்கியது. பழைய பெட்டியொன்று மலிவாக அகப்பட்டால் ஒரு படை கையில். துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது, அவை காய்கள். எனினும் அணியம் எந்தப் பக்கம் என்று தெரிகிறதே, இந்த ஆட்டத்துக்கு அதுவே பாதி தேவை. இன்னும் மலிவாக வேண்டுமென்றவர்கள் அட்டைச் சில்லுகளுக்குப் போனார்கள்: 1980இல் அவலான் ஹில்லின் ‘ட்ரைரீம்’, 1999இல் ஜிஎம்டியின் ‘வார் கேலி’.

இதே காலத்தில் கப்பலின் உருவம் பற்றிய அறிவு வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1980இல் இஸ்ரேலின் அத்லித் கடலில் 465 கிலோ எடையுள்ள வெண்கல மூக்கு அகப்பட்டது. ஜான் மாரிசனின் ஆய்வையும் ஜான் கோட்ஸின் வரைபடத்தையும் கொண்டு கட்டிய ‘ஒலிம்பியாஸ்’ 1987இல் கிரேக்கக் கடற்படையில் சேர்ந்தது: 36.9 மீட்டர் நீளம், 170 துடுப்புகள். சிற்றுரு செதுக்குகிறவருக்குக் கடைசியில் ஓர் உடல் கிடைத்தது. பின்னர் சிசிலிக்கு மேற்கே, கி.மு. 241இல் ரோமும் கார்த்தேஜும் மோதிய எகாடித் தீவுகளின் கடலடியில் 2000களிலிருந்து மூக்குகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. இன்றுவரை இருபதுக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை அத்லித் மூக்கின் பாதி எடைகூட இல்லை. அந்தக் கப்பல்கள் நாம் எண்ணியிருந்ததைவிடச் சிறியவை, 30 மீட்டருக்கும் குறைவு என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். ஆனால் அச்சு வெட்டிவிட்ட பட்டறை என்ன செய்யும்? புதிய மூல உருவம், புதிய ரப்பர் அச்சு, மறுபடி செலவு. பழைய ஊகம் ஒரு தலைமுறைக்கு உலோகத்தில் உறைந்து நிற்கிறது.

அந்த உறைவை உடைத்தது முப்பரிமாண அச்சு. 2009இல் உருகிய இழையை அடுக்கும் முறையின் மூலக் காப்புரிமை காலாவதியானது. மலிவான கருவிகள் பெருகின. ஆனால் இழையால் துடுப்பு வரைய முடியவில்லை. 31 மில்லிமீட்டர் கப்பலில் அது கூழாங்கல் வடிவங்களையே தந்தது. உண்மையான திருப்பம் 2018ஐ ஒட்டி, கைபேசித் திரை போன்ற எல்சிடி வழியே ஒளி பாய்ச்சி ரெசினை இறுகச் செய்யும் கருவிகள் வீட்டுக்கு வாங்கும் விலைக்கு இறங்கியபோதுதான் நேர்ந்தது. அவற்றுள் முதலில் பரவலான ஒரு கருவியின் தட்டு 115க்கு 65 மில்லிமீட்டர், ஒளிப்புள்ளி 47 மைக்ரான். அந்தப் புள்ளி ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு, அதாவது நம் துடுப்புத் தண்டின் பருமன். துடுப்பைச் சற்றுத் தடித்து வரைந்தால் தனித்தனியாகவே அச்சாகிறது.

துடுப்புகளோடு சேர்த்து ஒரு கப்பலுக்கு ஒரு செ.மீ. அகலம் கொடுத்தால் தட்டில் 15 கப்பல்கள் இடைவெளியோடு உட்காரும். ஒவ்வோர் அடுக்கும் முழுத்தட்டுக்கும் ஒரே நேரத்தில் ஒளி பெறுவதால் ஒன்றுக்கு ஆகும் நேரமே பதினைந்துக்கும். ஐந்து முறை ஓடினால் 67 கப்பல்களும் வந்து, மிச்சமும் இருக்கும். இறுகாத ரெசின் தோலுக்குத் தீங்கானது. கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். எகாடிக் கப்பல் 28 மீட்டர்தான் என்று நாளை உறுதிப்பட்டால் கோப்பில் ஓர் எண்ணை மாற்றிவிட்டு மறுநாள் அச்சிடலாம்.

ஃபோர்மியோவின் போருக்குத் திரும்புகிறேன். நடுவில் நின்ற ஐந்தும் 47இல் அடக்கம் என்று கொண்டால் வட்டத்தில் 42. அணியத்துக்கு அணியம் 30 மீட்டர் என்று விட்டால் 1:72இல் வட்டத்தின் விட்டம் ஐந்தரை மீட்டர், ஒரு கூடம் முழுக்க. 1:1200இல் 33 செ.மீ., சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றே பெரிது. ரெசினில் அச்சிட்ட 42 கப்பல்களை அப்படி வைத்துப் பார்த்தேன். பின்தலைகளுக்கிடையே துடுப்புக்குத் துடுப்பு ஒரு செ.மீ. வெளிதான் மிஞ்சுகிறது. காற்றுக்காக ஒரு பக்கத்துக் கப்பல்களை அரை அங்குலம் உள்ளே தள்ளியதும் அந்த வெளி மறைந்து, துடுப்பு துடுப்பின்மேல் ஏறிக்கொண்டது. அவற்றைப் பிரிக்க ஒரு தீக்குச்சியைத் தேட வேண்டியிருந்தது.