தட்டைத் திரையின் வரலாற்றில் விடுபட்ட ஒரு கண்ணி

தட்டைத் திரைத் தொலைக்காட்சியின் வரலாறு பெரும்பாலும் ஒரே தடத்தில் சொல்லப்படுகிறது. 1888இல் தாவரவியலாளர் ரைனிட்சர் கொலஸ்டெரில் பென்சோயேட்டுக்கு இரண்டு உருகுநிலைகள் இருப்பதைக் கண்டார். 1968இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஹைல்மையர் குழுவினர் திரவப் படிகத் திரையை அறிவித்தனர். 1970இல் சுவிட்சர்லாந்தில் ஷாட்டும் ஹெல்ஃப்ரிக்கும் முறுக்கிய நெமாட்டிக் அமைப்பை உருவாக்கினர். 1973இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கிரே அறை வெப்பநிலையில் நிலைத்திருக்கும் சேர்மங்களை அளித்தார். அதன்பின் ஜப்பானியத் தொழிற்சாலைகள் வருகின்றன. இவ்வரிசையில் பிழையில்லை, ஆயினும் ஒரு கண்ணி விடுபட்டுள்ளது. அது கொல்கத்தாவில் பிறந்த ஒரு தமிழரின் பணி.

சிவராமகிருஷ்ண சந்திரசேகர் 1930 ஆகஸ்ட் 6 அன்று கல்கத்தாவில் பிறந்தார். சர் சி.வி. இராமனின் சகோதரி சீதாலட்சுமியின் மகன் இவர். அப்போது இராமன் அந்நகரின் பவுபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவ்வாண்டே நோபல் பரிசும் பெற்றார். வானியற்பியலுக்காக நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் வேறொருவர். அவர் இராமனின் அண்ணன் மகன். பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கொள்வோர் இன்றும் உளர்.

திரவப் படிகமாவதற்கு மூலக்கூறு கோல்போல் நீண்டிருக்க வேண்டும் என்பது ஜெர்மானிய வேதியியலாளர் ஃபோர்லாண்டர் காலந்தொட்டு நிலவிய கொள்கை. 1977இல் பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனத்தில் சந்திரசேகர், பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் ஆகிய மூவரும் அதற்கு ஒரு மாற்றினைக் கண்டனர். பென்சீன் வளையத்தின் ஆறு முனைகளிலும் நீண்ட சங்கிலிகளைக் கொண்ட, தட்டு வடிவ மூலக்கூறுகள் நாணய அடுக்குகள்போல் தூண்களாக நின்று திரவப் படிகமாயின. கட்டுரை 'பிரமாணா' என்னும் இந்திய ஆய்விதழில் வெளிவந்தது. விரைவிலேயே பிரெஞ்சு ஆய்வாளர்கள் டிரைஃபீனைலீன் சேர்மங்களிலும் இப்பண்பைக் கண்டனர்.

இதற்கும் திரைக்கும் என்ன தொடர்பு? முறுக்கிய நெமாட்டிக் திரையை நேராக நோக்கினால் படம் தெளிவாகத் தெரியும். பக்கவாட்டில் நோக்கினால் கருமை வெளிறும், நிறம் திரியும். மின்னழுத்தம் தந்த பின்னரும் கண்ணாடிக்கு அருகிலுள்ள கோல் மூலக்கூறுகள் முழுமையாக நிமிராததே காரணம். சாய்வாகச் செல்லும் ஒளியை அவை இரட்டை ஒளிவிலகலுக்கு உள்ளாக்கி, இருண்டிருக்க வேண்டிய இடத்தில் கசியவிடுகின்றன. தட்டு மூலக்கூறுகளின் இரட்டை ஒளிவிலகல் இதற்கு எதிர்க்குறி உடையது. எனவே ஒன்றின் விளைவை மற்றொன்றால் ஈடுசெய்யலாம். 1990களின் நடுவில் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம், தட்டு வடிவ டிரைஃபீனைலீன் மூலக்கூறுகளைப் படிப்படியாகச் சாய்த்து உறையவைத்த மெல்லிய படலத்தைத் தயாரித்தது. தளவிளைவுத் தகட்டோடு சேர்த்த அப்படலம் கணினித் திரைகளின் பார்வைக் கோணத்தை விரிவாக்கியது.

இதைக்கொண்டு 'எல்சிடி தொலைக்காட்சி இந்தியரின் கண்டுபிடிப்பு' எனக் கூறுவது பொருந்தாது. இன்றைய பெரிய தொலைக்காட்சிகள் பலவும் மூலக்கூறுகளை வேறு வகையில் அடுக்கிப் பார்வைக் கோணத்தைச் சீராக்குகின்றன. பெங்களூருச் சேர்மமும் ஜப்பானியப் படலத்தின் சேர்மமும் ஒன்றல்ல. அதேவேளை, 1977ஆம் ஆண்டுக் கட்டுரையை நீக்கிவிட்டு அப்படலத்தின் வரலாற்றை எழுதவும் இயலாது.

ஆய்வுத்தாளுக்கும் விற்பனைப் பொருளுக்கும் இடைப்பட்ட அந்த ஏறத்தாழ இருபதாண்டுகளே நம் ஆய்வுக்குரியவை. இந்தியாவில் அறிவு இருந்தது. தொழில் தொடர்பும் அறவே இல்லாமற் போகவில்லை. 1991இல் சந்திரசேகர் நிறுவிய திரவப் படிக ஆய்வு மையம் ஜாலஹள்ளியில் பொதுத்துறை நிறுவனமான பாரத் எலக்ட்ரானிக்ஸ் வளாகத்தில்தான் இயங்கியது. எனினும் நம் வீட்டுத் திரைகளின் பலகங்கள் பெரும்பாலும் இன்றும் இறக்குமதியே. 2004 மார்ச் 8 அன்று அவர் மறைந்தார். அறிவியல் தொழில்நுட்ப வரலாற்றை ஆய்வுப் பொருளாகத் தேர்ந்தெடுக்கும் தமிழ் மாணவர்கள், 'யார் கண்டுபிடித்தார்' என்பதோடு நில்லாமல், அந்த இடைவெளியின் பொருளாதாரக் காரணங்களையும் தேட வேண்டும்.