பாக்டீரியல் வஜைனோசிஸ்: கண்டறியும் முறையும் கிருமிகளும்

பாக்டீரியல் வஜைனோசிஸ் என்பது யோனியில் இயல்பாகக் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து, ஆக்சிஜன் இல்லாமலே வளரும் வேறு பாக்டீரியாக்கள் பெருகிவிடும் நிலை. உலக அளவில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது இருக்கிறது. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரும் மருத்துவரிடம் போவதில்லை. 'வெள்ளைப்படுது' என்பார்கள். உடம்புச் சூடு என்று வெந்தயமும் இளநீரும் குடித்துப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும் உண்டு.

வெள்ளைப்படுவதெல்லாம் நோயல்ல. மாதவிலக்குச் சுழற்சியின் நடுவிலும் கர்ப்ப காலத்திலும் வாடையில்லாமல் கசிவது இயல்பு. தயிர்போலத் திரிந்து அரிப்போடு வந்தால் பூஞ்சைத்தொற்றாக இருக்கலாம். பாக்டீரியல் வஜைனோசிஸில் கசிவு நீர்த்து, சாம்பல் கலந்த வெண்மையாக இருக்கும். அரிப்பு அதிகம் இராது. மீன் கவிச்சி வாடை இருக்கும், உடலுறவுக்குப் பின் கூடும். பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

நல்ல பாக்டீரியாக்கள் லாக்டோபேசிலஸ் வகையைச் சேர்ந்தவை. ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892இல் இவற்றை விவரித்தார். இவை லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, யோனியின் அமிலக் குறியீட்டெண்ணை (pH) 4.5க்கு மேல் போகாமல் வைத்திருக்கின்றன. 1955இல் அமெரிக்காவின் கார்ட்னரும் டியூக்ஸும் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து, நோய்க்கு அதுவே காரணம் என்றார்கள். பின்னாளில் அதற்கு கார்ட்னரெல்லா என்று பெயர் வந்தது. ஆனால் நலமாக இருக்கும் பெண்களிடமும் அது காணப்பட்டது. பிரிவோடெல்லா, மொபிலங்கஸ், ஃபேனிஹெஸ்ஸியா எனப் பல கிருமிகள் சேர்ந்தே இந்நிலையை உண்டாக்குகின்றன என்பது இன்றைய புரிதல். கார்ட்னரெல்லா யோனிச் சுவரில் பிசுபிசுப்பான படலமாக ஒட்டிக்கொள்ள, மற்றவை அதில் தங்குகின்றன. ஆகவே ஒரே ஒரு கிருமியை வளர்த்துக் காட்டும் கல்ச்சர் பரிசோதனை இங்கே உதவாது.

கண்டறியச் செலவு அதிகமில்லை. 1983இல் ஆம்செலும் அவருடைய குழுவினரும் வகுத்த நான்கு அடையாளங்களில் மூன்று இருந்தால் போதும். யோனியின் பக்கச் சுவரிலிருந்து பஞ்சுக்குச்சியால் கசிவை எடுத்து, நிறம் மாறும் தாளில் தடவினால் அந்தக் குறியீட்டெண் 4.5க்கு மேல் காட்டும். கண்ணாடித் தகட்டில் அந்தக் கசிவின்மேல் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் கவிச்சி வாடை குப்பென்று எழும். இன்னொரு தகட்டில் சலைன் சொட்டில் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஓரம் தெளிவாகத் தெரிய வேண்டிய செல்கள் எள் ஒட்டிய அதிரசம்போல் புள்ளி மொய்த்து, விளிம்பு மங்கிக் கிடக்கும். இவை 'க்ளூ செல்கள்'. ஐந்தில் ஒரு செல்லுக்கு மேல் இப்படியிருந்தால் அது மூன்றாவது அடையாளம். கசிவின் தன்மை நான்காவது. 1991இல் வந்த நுஜென்ட் முறையில் கிராம் சாயமிட்டு மதிப்பெண் தருவார்கள். 7 முதல் 10 வரை என்றால் நோய் உறுதி.

ஆனாலும் அரசின் பால்வினைத் தொற்றுச் சிகிச்சை முறையில் இந்தப் பரிசோதனைகள் இல்லாமலே, அறிகுறியைக் கேட்டு, செக்னிடசோலும் ஃப்ளூகோனசோலும் அடங்கிய பச்சைநிற மருந்துப் பொட்டலம் தரலாம். ஆய்வகம் இல்லாத ஊருக்கு அது நல்ல ஏற்பாடுதான். பாகூர்ப் பக்கம் அப்படியில்லை: பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகளே இருக்கின்றன. வில்லியனூர்ப் பெண்களுக்கு எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர் மருத்துவமனை இருக்கிறது. ஒரு தகடு பார்ப்பது இங்கே பெரிய கோரிக்கையல்ல.

பெண்களைச் சிகிச்சைக்குப் போகவிடாமல் தடுப்பவை வேறு. தமிழ்நாட்டில் 16 முதல் 22 வயது வரையுள்ள திருமணமான பெண்கள் 451 பேரிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், அறிகுறி இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சிகிச்சைக்கே போயிருக்கவில்லை. பெண் மருத்துவர் இல்லை, மறைவிடம் இல்லை, தூரம், செலவு, 'இது எல்லாருக்கும் வர்றதுதான்' என்ற எண்ணம் ஆகியவையே அவர்கள் சொன்ன காரணங்கள். பாக்டீரியல் வஜைனோசிஸ் கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவ அபாயத்தையும், மற்றவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பையும் கூட்டுவதால், இந்தத் தயக்கம் கவலைக்குரியது.

வழக்கமான சிகிச்சை ஏழு நாள் மெட்ரோனிடசோல். உள்ளே சோப்பும் டெட்டாலும் விட்டுக் கழுவுவது நல்ல கிருமிகளையும் அழித்துவிடும். குணமானவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஓராண்டுக்குள் திரும்பவும் வருகிறது. 2025இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், கணவர் அல்லது துணைவருக்கும் மாத்திரையும் களிம்பும் தந்தபோது, மூன்று மாதத்துக்குள் திரும்ப வருவது 63 சதவீதத்திலிருந்து 35 ஆகக் குறைந்தது.