நிறைமாந்தராதல் கற்கத்தக்கதா? கன்பூசிய மரபில் ஒரு வினாவின் வரலாறு

கன்பூசிய மரபில் மனிதன் எட்டத்தக்க உச்சநிலையைக் குறிக்கும் சொல் 'ஷெங்' என்பதாகும். இதனை 'ஞானி' எனப் பெயர்த்தல் முழுதும் பொருந்தாது. தமிழில் அச்சொல் துறவையும் உடன் உணர்த்தும். ஷெங் நிலைக்குச் சான்றாகக் காட்டப்பெறும் யாவ், ஷுன் இருவரும் நாடாண்டவராகக் கருதப்பெறும் தொன்மை மன்னர்கள். ஆதலின் 'நிறைமாந்தர்' என்னும் சொல் இங்கு ஆளப்பெறுகிறது.

கன்பூசியஸ் அந்நிலையைத் தமக்குரியதாகக் கூற மறுத்தார். எவரும் யாவ், ஷுன் போன்று ஆகலாம் என்றார் மென்சியஸ். மனித இயல்பு தீயது எனக் கொண்ட சுன்ஸியும் இதில் அவரோடு மாறுபடவில்லை என்பது நோக்கத்தக்கது. எனினும், வழி யாது என்னும் வினா கூர்மை பெற்றது சோங் மரபினர் ஆட்சிக் காலத்திலேயே. அந்நிலை கற்கத்தக்கதே எனச் சௌ துன்யி (1017-1073) எழுதினார். அக்கல்விக்கு முறை வகுத்தவர் ஜூ ஷி (1130-1200). பொருள்தோறும் உறையும் 'லி' என்னும் நெறியை ஆராய்தலும் மூலநூல்களைப் படிப்படியாகப் பயில்தலும் அவர் காட்டிய வழி. அவர் உரை கண்ட நான்கு நூல்கள் 1313ஆம் ஆண்டின் ஆணையால் அரசுத் தேர்வுக்குரிய பாடங்களாயின. நிறைமாந்தராகும் வழியும் பதவி பெறும் வழியும் ஒரே நூலில் கலந்தமை இம்மரபுக்கு நேர்ந்த பேரிடர் எனலாம்.

இம்முறையை வாங் யாங்மிங் (1472-1529) இளமையில் சொல்லுக்குச் சொல் கடைப்பிடிக்க முயன்றார். மூங்கிலின் நெறியை அறிய அவரும் நண்பர் ஒருவரும் அதனையே நோக்கி அமர்ந்தனர். நண்பர் மூன்றாம் நாளிலும் வாங் ஏழாம் நாளிலும் நோயுற்றனர். ஜூ ஷி கருதிய ஆராய்ச்சி இத்துணை எளிய பொருளுடையதன்று என்பது உண்மையே. ஆயினும் அத்தோல்வி வாங்கின் உள்ளத்தை விட்டு அகலவில்லை. பின்னர், செல்வாக்குமிக்க அரண்மனை அலுவலர் லியூ ஜினின் பகைக்கு ஆளாகிக் கசையடி பெற்றுக் குய்சோவின் லோங்சாங் என்னும் சிற்றூருக்கு அனுப்பப்பெற்றார். அங்கு 1508இல், நெறி புறப்பொருளில் தேடற்குரியதன்று, உள்ளத்திலேயே நிறைந்துள்ளது எனத் தெளிந்தார்.

இத்தெளிவின் விளைவு தத்துவத்தோடு நிற்கவில்லை. நெறி உள்ளத்திலேயே உளதாயின், நூலறிவு இல்லாதாரும் நிறைமாந்தராகலாம். உப்பளக் குடும்பத்தில் பிறந்து முறையான கல்வி குறைவாகவே பெற்ற வாங் கென் (1483-1541) அவர்தம் மாணவரானார். வாங் கென் வழிவந்த தைசோ மரபில் விறகுவெட்டி ஒருவரும் குயவர் ஒருவரும் இடம்பெற்றனர்.

கற்றோர் பலர் இதனை விரும்பவில்லை. மிங் ஆட்சி 1644இல் வீழ்ந்தபின், அவ்வீழ்ச்சிக்கே வாங்கின் போதனையைக் காரணமாக்கினார் கு யான்வு. கன்பூசியஸ் கோயிலில் வாங்குக்கு 1584இலேயே இடமளிக்கப்பெற்றிருந்தது. ஆனால் தேர்வுக்கூடத்தில், தேர்வுமுறை ஒழிக்கப்பெற்ற 1905 வரை, ஜூ ஷியின் உரையே நிலைத்திருந்தது.