யானை ஆயரான கதை

மாசி பிறந்ததும் இலங்கை மலையகத்தின் பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் காமன் கூத்துக்கு ஆள் பிரிப்பார்கள். மதன், ரதி, தூதன், எமன், வீரபத்திரன், குறவன், குறத்தி என்று வேஷங்கள் தயாராக நிற்கும். அவற்றுக்குத்தான் ஆள் தேட வேண்டும். மலையில் கவ்வாத்து வெட்டுகிறவர் எமனாவார். மீசையை மழித்துக்கொண்டு ஒரு இளந்தாரி ரதியாவார். வேஷத்தின் பெயரைச் சொன்னால் போதும்: உடுப்பு, கையில் பிடிப்பது, நடை, எந்தக் கட்டத்தில் களத்துக்குள் பாய வேண்டும் என்பதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. அதே லயத்துப் பையன் போனில் ஒரு விளையாட்டைத் திறந்தால் இன்னொரு பட்டியல் வருகிறது: ஃபைட்டர், மேஜ், அசாசின், சப்போர்ட், டேங்க். அதுவும் வேஷம் பிரிப்பதுதான். இந்தப் பட்டியலை யார் எழுதினார்கள் என்று பின்னோக்கிப் போனால், பாதை அமெரிக்காவில் நிற்காமல் திரும்பி நம் பக்கமே வருகிறது.

தேர், யானை, குதிரை, காலாள். நாற்படையைப் பலகையில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், பெயருக்கேற்ற நடை என்று வகுத்தது சதுரங்கம். ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவில் அது உருப்பெற்றது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. 7ஆம் நூற்றாண்டில் பாணபட்டர், தன் மன்னர் ஹர்ஷரின் ஆட்சியில் நாற்படை அணிவகுப்பைப் பலகையில் மட்டுமே பார்க்க முடிந்தது என்று சிலேடையாகப் புகழ்கிறார். நாடு அவ்வளவு அமைதியாம். அரசவைப் புலவர் வேறெப்படிச் சொல்வார்?

அங்கிருந்து பாரசீகம். முதலாம் குஸ்ரோவின் அவைக்கு இந்திய அரசர் ஒருவர் இந்தப் பலகையைப் புதிராக அனுப்பினார், அமைச்சர் அதை விடுவித்தார் என்பது அவர்கள் கதை. யானை அங்கே 'பீல்' ஆனது. அரபியர் வாயில் பகரம் இல்லை. அவர்கள் 'அல்ஃபீல்' என்றார்கள். இதுவரை யானைக்குச் சேதம் எதுவுமில்லை. கோளாறு ஐரோப்பாவில் தொடங்கியது.

அரபுச் செதுக்குநர்கள் பெரும்பாலும் உருவம் வடிப்பதில்லை. ஒரு குட்டைத் தண்டின் தலையில் இரண்டு முனைகள் துருத்திக்கொண்டிருந்தால் அது யானை, முனைகள் தந்தங்கள். வணிகர்களோடும் படைகளோடும் இந்தக் காய் ஸ்பெயின், சிசிலி வழியாக வடக்கே ஏறியபோது, யானையைக் கண்ணால் பார்த்தவர்கள் அங்கே அபூர்வம். ஆங்கிலேயர் அதை ஆயர், அதாவது கிறிஸ்தவ பிஷப், என்றார்கள். இரண்டு முனைகளும் ஆயரின் பிளந்த தொப்பி போலத் தோன்றியிருக்கலாம். பிரெஞ்சுக்காரர் கோமாளி என்றார்கள். ஜெர்மானியருக்கு அது ஓட்டக்காரன், இத்தாலியருக்குக் கொடி பிடிப்பவன். ரஷ்யர் இன்றுவரை யானை என்றே சொல்கிறார்கள். ஸ்பானியர்கள் 'அல்ஃபில்' என்று அரபுச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டார்கள். உள்ளே யானை இருப்பது பலருக்குத் தெரியாது.

ஸ்கொட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831ஆம் ஆண்டளவில் கண்டெடுக்கப்பட்ட 12ஆம் நூற்றாண்டுக் காய்களைப் பார்த்தால் இந்தத் திருவிளையாடல் முழுதாகத் தெரியும். பெரும்பாலும் வால்ரஸ் தந்தத்தில் செதுக்கியவை. ஆயர்கள் தொப்பியும் செங்கோலுமாக விறைத்து நிற்கிறார்கள். மூலைக் காய்கள் சில, முழி பிதுங்கத் தங்கள் கேடயத்தையே கடிக்கின்றன. போர்வெறி ஏறிய நோர்ஸ் வீரர்கள் அவர்கள். நம்முடைய தேர் அங்கே போய்ச் சேர்ந்த கோலம் அது! அரசருக்குப் பக்கத்திலிருந்த மந்திரியோ பெண்ணாகிவிட்டார். சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்தில் 10ஆம் நூற்றாண்டின் முடிவில் எழுதப்பட்ட லத்தீன் செய்யுள் ஒன்றிலேயே அந்தக் காய் அரசி. அப்போது அவர் குறுக்கே ஒரு கட்டம் மட்டும் நகரும் பலவீனமான காய். பலகை முழுவதும் பாயும் அதிகாரம் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் கிடைத்தது. அரசி திரும்பி நம் பலகைக்கு வந்தபோது மந்திரிக்கு இடமில்லை. தமிழில் பலர் அவரை ஆயரின் கட்டத்துக்குத் தள்ளினார்கள். யானை மூலைக்குப் போனது.

இத்தனை மாறாட்டத்திலும் ஒன்று மட்டும் அசையவில்லை. ஆயரானாலும் கோமாளியானாலும் அந்தக் காய் குறுக்காகத்தான் போகும். பெயர் மாறியது, வேலை நிலைத்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருகிறவர்கள் இதைத் தலைகீழாக்குவார்கள்.

1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஸ்விக்கில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர், மாணவர்களுக்குப் போர்க்கலை புகட்டச் சதுரங்கப் பலகையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களாக விரித்து, காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி என்று காய்களை மாற்றினார். பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ்கள், தந்தையும் மகனும், கட்டத்தையே தூக்கியெறிந்து நிலப்படத்தின்மேல் ஆட வைத்தார்கள். தாயக்கட்டையும் நடுவரும் சேர்ந்தார்கள். மகனின் விதிகள் 1824இல் வந்தன, பிரஷ்யப் படை அதைப் பயிற்சியாக்கியது. 1913இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் பரப்பி அதை வீட்டு விளையாட்டாக்கினார்.

எல்லாம் படைகள்தான், தனி மனிதர் இல்லை. 1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் ஒரு போர் விளையாட்டில் நண்பர்களுக்குப் படைகளோடு ஊர்த் தலைவர், மாணவர் தலைவர் என்று ஆளுக்கொரு வேஷமும் கொடுத்தார். ஆட்டம் கைமீறி, ஆளாளுக்குத் தனி அறையில் சதி செய்யத் தொடங்கினார்கள். தோற்றுவிட்டது என்று அவர் நினைத்தார். நண்பர்கள் இன்னும் வேண்டும் என்றார்கள். அவர்களில் ஒருவரான டேவ் ஆர்ன்சன் கோட்டை, நிலவறை, பூதம் என்று அதை வளர்த்தார். விஸ்கான்சினில் கேரி கைகாக்ஸ் 1971இல் ஜெஃப் பெரனோடு சேர்ந்து எழுதிய போர் விதிகளில் வீரன், மந்திரவாதி எல்லாம் ஏற்கெனவே இருந்தார்கள். ஆர்ன்சனும் கைகாக்ஸும் இணைந்தார்கள். 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆயிரம் பெட்டிகள், ஆட்களே கையால் அடுக்கி, வெளிவந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தாயம் உருட்டி, வாயால் கதை சொல்லி ஆடும் ஆட்டம்.

ஆடுகிறவர் ஏற்கும் வேஷங்களுக்கு அதில் மூன்றே வகுப்புகள்: சண்டைக்காரன், மந்திரம் செய்பவன், பாதிரி. பாதிரி வந்தது சுத்த விபத்து. ஆர்ன்சனின் குழுவில் ஒருவர் ஆட்டத்துக்குள் இரத்தக்காட்டேரியாக மாறி யாராலும் அடக்க முடியாமல் திரிந்தார். அவரை ஒடுக்க, பழைய டிராகுலா படங்களின் பாணியில் ஒரு பூசாரி தேவைப்பட்டார். நம் ஊரில் பேய்க்குக் கோடாங்கி வருவது போலத்தான். கள்ளன் தொலைபேசியில் வந்தான்: கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ஒரு பொழுதுபோக்குக் கடையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் பூட்டுத் திறக்க ஒரு வகுப்பை உருவாக்கிக் கைகாக்ஸிடம் சொல்ல, அவர் தன் பாணியில் எழுதி 1975இல் ஒரு நூலில் அச்சிட்டார். அதே நூலில் பாலடின் வந்தான். அந்தப் பெயரின் வேர் ரோமில்: பாலட்டைன் குன்றில் பேரரசரின் அரண்மனை. அதன் அலுவலர் பெயர் பின்னர் சார்லிமேனின் பன்னிரு வீரர்களுக்கு ஏறியது. போல் ஆண்டர்சனின் 1961 நாவல் ஒன்றின் வழியாக ஆட்டத்துக்குள் நுழைந்தது. இடையில் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் துப்பாக்கிக்காரனும் பாலடின் என்று பெயர் வைத்துக்கொண்டான். அவனுடைய விசிட்டிங் கார்டில் அச்சிட்டிருந்தது சதுரங்கக் குதிரை!

வகுப்பு போதாது என்று ஒவ்வொரு படிக்கும் பட்டம் வேறு. பாதிரி படியேறினால் கிராமப் பூசகர், விகார், ஆயர் என்று உயர்வார். ஆயருக்கு மேல் யார் தெரியுமா? லாமா. திபெத்தைக் கேட்காமலே கொடுத்த பதவி உயர்வு. பட்ட மோகத்தை நாம் சிரிக்க முடியாது. கங்காணி, கணக்கப்பிள்ளை, கண்டக்டர், டீமேக்கர், சின்னத்துரை, பெரியதுரை என்று ஏணி கட்டி ஆளும் தோட்டத்தில், ஆளின் வேலை எது, உயரம் எது என்று பெயரிலேயே சொல்லிவிடுவார்கள். அந்த விளையாட்டின் படிப் பட்டங்கள் 1989 பதிப்போடு போய்விட்டன. தோட்டத்து ஏணி அவ்வளவு சீக்கிரம் போகிறதாகத் தெரியவில்லை.

இங்கேதான் தலைகீழ். சதுரங்கத்தில் வேலை நிலைத்துப் பெயர் அலைந்தது. இவர்கள் பெயரைப் பிடித்துக்கொண்டு வேலையை மாற்றினார்கள். கெல்டிக் மக்களின் ட்ரூயிட் பூசகர் விலங்காக உருமாறுகிறவரானார். அசாசின் என்பது மத்திய காலத்து நிசாரி இஸ்மாயிலிகளுக்குப் பகைவர் சூட்டிய பெயர். இப்போது ஒரு பொத்தான். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ராட்சதன். பசறையிலிருந்து நமுனுகுல வழியாக எல்லப் பக்கம் போனால் இராவணனின் பெயரில் நீர்வீழ்ச்சி, குகை. பத்துத் தலையும் வீணையுமாக நாம் அறிந்த குலம். சிக்காகோவில் நடப்பதாக எடுத்த 'கோல்சாக்' என்ற திகில் தொடரில், நம்பிக்கைக்குரியவர் உருவில் வந்து ஆளைத் தின்னும் ராட்சதன் வந்தான். அதைப் பார்த்த கைகாக்ஸ் தன் ஆட்டத்தில் சேர்த்தார். 1977 நூலில் டேவிட் டிராம்பியர் வரைந்த படத்தில் அவன் புலித்தலையோடு, பட்டு மேலங்கி போட்டு, புகைக்குழாய் பிடித்துச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். அதன் பிறகு உலகமெங்கும் விளையாடுகிறவர்களுக்கு ராட்சதன் என்றால் புலிதான். இராவணன் பார்த்தால் வழக்குப் போட்டிருப்பார். வழக்கென்று மிரட்டியவர்களும் உண்டு: டோல்கீன் கதைகளின் உரிமையாளர்கள் நெருக்கியதால் ஆட்டத்திலிருந்த ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆனது.

கணினி வந்ததும் நகலெடுப்பது சுலபமானது. 1981இல் வந்த 'விசார்ட்ரி'யின் எட்டு வகுப்புகளில் ஒன்று ஆயர். சாமுராயும் நிஞ்சாவும் கூடவே. அது ஜப்பானுக்குப் போய்ப் பெரும் புகழ் பெற்றது. 1990இல் 'ஃபைனல் ஃபேன்டசி'யின் மூன்றாம் பாகம் வகுப்பு என்பதையே விட்டு, ஆங்கிலச் சொல்லை எடுத்து 'ஜாப்' என்றது. உத்தியோகம்! அதுவும் நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம். சம்பளச் சபையில் பேசிப் பழகியவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும்.

டேங்க் மட்டும் எந்தக் கற்பனை எழுத்தாளரும் வைத்த பெயர் அல்ல. 1990களில் இணையத்தில் எழுத்தாலேயே ஆடியவர்கள், முன்னால் நின்று அடி வாங்குகிறவரை அப்படி அழைத்தார்கள். கவச வாகனம் போலத் தாங்குவதால். அந்த வாகனத்துக்குப் பெயர் வந்தது 1915இல், இங்கிலாந்தின் லிங்கன் நகரத் தொழிற்சாலையில்: இரகசியம் கசியாமல் இருக்க, செய்வது தண்ணீர்த் தொட்டி என்று கதை கட்டினார்கள். தொட்டிக்கான அந்த ஆங்கிலச் சொல்லை உருவாக்கியதில் குஜராத்தி, மராத்தியின் நீர்த்தேக்கச் சொல்லுக்கும் போர்த்துக்கேயச் சொல்லுக்கும் பங்குண்டு என்கிறார்கள் அகராதிக்காரர்கள். இலங்கை ஆங்கிலத்தில் இன்றும் குளத்துக்கு அதுதான் பெயர். பதுளை மாவட்டத்திலேயே, மகியங்கனையில், சொரபொர வாவியையும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லால் குறிப்பதுண்டு. பழங்கதைப்படி அதைக் கட்டியவன் புலத்தன் என்ற பேருருவ வீரன், துட்டகைமுனு மன்னன் காலத்தவன். விளையாட்டுக்காரர்கள் அவனை எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று பையன்களிடம் கேட்டால், யோசிக்காமல் பதில் வரும்.